இகராஷி வீட்டு வாசற்பனி

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பனி அள்ளாமல் கிடந்தால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மறுநாளும் கிடந்தால் மனசு சரியில்லை. அதற்கு மறுநாளும் கிடந்தால் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஹொரிகாவா தொண்டையைக் கனைத்துக்கொண்டே வந்து கதவைத் தட்டுவார். போன குளிர்காலத்தில் இகராஷி தோகுஜியின் வாசலில் டிசம்பரில் விழுந்த பனி பிப்ரவரி வரைக்கும் அப்படியே கிடந்தது. ஜன்னலின் பாதியை மறைத்தது. யார் வாசலில் என்று பாருங்கள்!

இகராஷி வேலையில் இருந்த காலமெல்லாம் நகராட்சியின் பனிவாரி வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் நயோரோவில் விடியும்முன் நாங்கள் போர்வைக்குள் புரளும்போது கேட்கிற கடகடச் சத்தம் அவருடையது. வண்டி தெருவின் நடுப்பனியை ஒதுக்கும்போது ஓரமாக ஒரு வரப்பு விழும். அது யாராவது ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டுதான் விழும். அதற்காக அந்த மனுஷன் வாங்காத வசவு இல்லை. ஹொரிகாவா நகராட்சிக்குப் போன் போட்டிருக்கிறார். நானும் கதவைத் திறந்து கத்தியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அன்றைக்கு வரப்பு என் முழங்காலுக்கு இருந்தது. அவர் வண்டியிலிருந்து தொப்பியை எடுத்து ஒரு கும்பிடு போடுவார், போய்விடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தின் பொது மெஷின், பனியை வாரித் தூரத் தெளிக்கிற சிவப்பு மெஷின், அவர் பொறுப்புக்கு வந்தது. அதன் சாவி அவர் வீட்டு நடைவாசலில் ஓர் ஆணியில் தொங்கும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது. தினமும் காலையில் தெரு முழுக்க ஓட்டிவிடுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் ஊர் வாசலெல்லாம் சுத்தம் செய்துவிட்டுத் தன் வாசலுக்கு வந்ததும் மெஷினை அணைத்துவிட்டு, பனியைச் சுற்றிக்கொண்டு, சுவரோரம் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனால் தெரு என்ன நினைக்கும்?

நான் அடுத்த வீடு. நுமாதா என்று சொன்னால் தெரியும். முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருள் வைக்கிறேன். புருஷனை அவன் விரும்பிய இடத்துக்கே அனுப்பிவைத்து வருஷங்கள் ஆகின்றன, அவனும் சௌக்கியம், நானும் சௌக்கியம். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தலையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு வாயைத் தெருவுக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஜனவரி முழுக்க ஒரே பேச்சு.

"அவர் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலேருந்து மனுஷன் உடைஞ்சுட்டார்."

"என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். 'எல்லாம் நல்லா இருக்கீங்களா'ன்னாராம். 'நல்லா இருக்கேன்'னாராம். 'வாசல்'னு ஆரம்பிச்சாராம். 'அது அப்படியே கிடக்கட்டும்'னுட்டாராம். அதுக்கு மேல கேக்க மனசில்லாமத் திரும்பிட்டாராம்." இது ஹொரிகாவாவின் மனைவி.

காரணம் எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் எங்கள் தெருக்காரர்கள் மாதிரி அவரைப் பார்த்து உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

இகராஷியின் மனைவி மிசாவோ தெற்கே கனுமா ஊர்க்காரி. கல்யாணமாகி வரும்போது துணிமணியோடு ஒரு சின்னச் சத்சுகி அசேலியாப் பூச்செடியையும் தொட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ரயில் ஏறி வந்தவள். அப்போது அது விரல் பருமன். இப்போது அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பெரிசு, உயரம் மட்டும் முழங்கைக்கு மேல் போகவில்லை. போன்சாய் என்றால் அப்படித்தான், வயசு ஏறும், ஆள் வளராது. இந்த ஊர்க் குளிரில் சத்சுகி ஒரு வருஷம் தாங்காது என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நாற்பது குளிர்காலம் தாண்டிவிட்டது. ஜூனில் பூக்கும்போது ஒரே மரத்தில் வெள்ளை, ரோஜா நிறம், வெள்ளையில் சிவப்புக் கோடு என்று மூன்று விதம். தெருவே வந்து பார்க்கும். ஜூனில் பூ பார்க்க வருகிற நாங்கள், ஜனவரியில் அது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அது வாசலில் இருந்தது. நவம்பர் கடைசியில் மிசாவோ அதன் கிளைகளை வைக்கோல் கயிற்றால் மெல்லக் கட்டி, வாசல் மூலையில் வெயில் படாத பக்கம் ஒரு குழியில் தொட்டியோடு இறக்கி, வைக்கோல் போட்டு, ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துவிடுவாள். பின்கட்டில் வைக்க முடியாது, கூரைப்பனி சரிந்தால் தொட்டி நொறுங்கிவிடும். அப்புறம் வானம் பார்த்துக்கொள்ளும். மேலே ஆள் உயரத்துக்குப் பனி ஏறிவிட்டால், வெளியே மைனஸ் இருபது டிகிரிக்கு உறைந்தாலும் அடியில் வெறும் சில்லென்றுதான் இருக்கும். நாங்கள் முட்டைக்கோஸைப் பனிக்குள் புதைத்து வைக்கிறோமே, அதே கணக்கு. மிசாவோ அந்தக் குவியலைச் சுற்றிப் பாதை வெட்டி, பலகை நட்டு, அழகாக வைத்திருப்பாள். அதனால் யார் கண்ணையும் அது உறுத்தியதில்லை.

போன வருஷம் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டியதாயிற்று. அசாஹிகாவா ஆஸ்பத்திரியில் அறுவை, பிறகு அங்கேயே நடைப்பயிற்சி, மார்ச் கடைசிவரை வர முடியாது. மரத்தை எங்காவது நாற்றுப் பண்ணையில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறாள். இகராஷிக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஏன், நான் இல்லையா வீட்டுல?"

"நீங்க இருப்பீங்க. மரம் இருக்கணுமே."

"ஒரு தடவை குடுத்துத்தான் பாரேன். இத்தனை வருஷத்துல உன் சாமான் எதையாவது என்கிட்ட நம்பிக் குடுத்திருக்கியா?"

"குடுத்தேனே. கல்யாணக் கிண்ணம். அடுத்த வாரமே ரெண்டாச்சு."

ஆனாலும் கொடுத்துவிட்டாள். அவள் மேலே நின்று சொல்லச் சொல்ல அவர் குழி தோண்டினார். கடைசியில் ஒரே ஒரு கட்டளை: "மேல விழற பனியத் தொடாதீங்க. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

வாழ்நாள் முழுக்கப் பனி வாரியவனிடம் சும்மா இரு என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா? அவர் செய்தார். சொன்ன சொல்லுக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாமல் செய்தார். வாசல் முழுக்க ஒரு சிட்டிகை அள்ளவில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அரசு விடுமுறையோடு வந்தது. என் கடைக்கும் வார விடுமுறை. மிசாவோவைப் பார்க்க நானும் இகராஷியும் காலை ரயிலில் கிளம்பினோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். எங்கள் ஊரில் மேகம் இல்லாத நாள்தான் கொடுமையான நாள், சாயங்காலம் ஆனதும் குளிர் எலும்புக்குள் இறங்கும். அவர் மடியில் இனிப்புப் பயறு வைத்த மோச்சி உருண்டைப் பெட்டி. வழியெல்லாம் ஜன்னல் வழியாகப் பிற ஊர்க்காரர்கள் பனி ஒதுக்கிய லட்சணத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார்.

மிசாவோ நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி நலம் விசாரிப்பு இல்லை.

"மரம்?"

"பனிக்குள்ள தூங்குது. ஒரு துளி தொடல."

"பாதையாச்சும் வெட்டினீங்களா?"

"நீ சொல்லலையே."

அவள் சிரித்த சிரிப்பில் கம்பியை விட்டுவிட்டாள், நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள். அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் சொன்னார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று, நானும்தான் அவரைப் பற்றி என்னென்னமோ நினைத்திருந்தேன்.

"நுமாதா சான், பாத்தீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பதான் முதல் தடவையா என் பேச்சைக் கேட்டிருக்கார்," என்றாள் மிசாவோ. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வலி உயிர் போகுது. நடைப்பயிற்சி குடுக்கற பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஜூன்ல நான் என் கால்ல நின்னு பூ பாக்கணும், அதுக்குள்ள என்னை நடக்க வைன்னு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடி எடுத்து வைக்கிறேன்" என்றாள். இகராஷி மோச்சிப் பெட்டியின் நூலைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது ரயிலில் மனுஷன் இரண்டு தடவை தானாகச் சிரித்தார்.

எங்கள் தெருவில் திரும்பியபோது வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் வீட்டு வாசல் பாய் விரித்த தரை போல மட்டமாக இருந்தது.

பனி இல்லை. குவியல் இல்லை. வாசற்படிக் கல் கழுவித் துடைத்திருந்தது. முன்னால் ஹொரிகாவாவும் அவர் மனைவியும் இன்னும் மூன்று நான்கு வீட்டுக்காரர்களும் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு, மூக்கெல்லாம் சிவந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஹொரிகாவா ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இல்லாத நேரமாப் பார்த்துப் பண்ணிட்டோம், மன்னிச்சுக்கணும்," என்றார் ஹொரிகாவா. "இருந்தா வேண்டாம்பீங்க. மருமகன் வண்டியில ஏழெட்டு நடை ஆத்தங்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டிட்டான்."

அவர் மனைவி இகராஷியின் பக்கத்தில் வந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "தாத்தா, பனிக்குள்ள ஒரு பெட்டிக்கு அடியில அம்மாவோட பூமரம் கிடந்தது. உள்ள எடுத்து வைக்க மறந்துட்டீங்க போல. பாவம், கயிறெல்லாம் சுத்திக்கிட்டுக் கிடந்தது. அவுத்து விட்டு, நல்லா வெயில் படற இடமா வச்சிருக்கோம். கவலைப்படாதீங்க, அம்மாகிட்ட நாங்க யாரும் மூச்சு விட மாட்டோம்."

நேற்றுவரை மரியாதையாக இகராஷி சான். அன்றைக்குத் தாத்தா.

மரம் தெற்குச் சுவரோரம் ஒரு முக்காலியில் இருந்தது. காலையிலிருந்து வெயிலும் காற்றும் அடித்திருக்கிறது. தொட்டி மண் கல்லாக உறைந்திருந்தது. வேர் உறைந்து கிடக்கையில் வெயில் இலையை எழுப்பிவிட்டால் அது தண்ணீர் கேட்கும், கொடுக்க வேரால் முடியாது. இலைகள் காய்ந்த தேயிலை மாதிரி சுருண்டிருந்தன. நுனியில் மிசாவோ ஜூனுக்காகக் காத்திருந்த மொட்டுகள், கோதுமை மணி அளவு, அப்படியே நின்றன. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிற்று. யாருய்யா உங்களை வரச் சொன்னது என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன்.

இகராஷி அதற்குள் இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டார்.

"ரொம்ப நன்றி. லீவு நாள்ல உங்களுக்கு இவ்வளவு சிரமம் குடுத்துட்டேன்."

மிச்சம் இருந்த மோச்சிப் பெட்டியை இரண்டு கையாலும் ஹொரிகாவாவிடம் நீட்டினார். அவர் இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கலைந்து போகும்வரை இகராஷி குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஏன் சொல்லல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "மரத்தைக் கொன்னுட்டுப் பல்லைக் காட்டிட்டுப் போறாங்க, நீங்க மோச்சி குடுத்து அனுப்பறீங்க!"

"நுமாதா சான், உங்க பின்கட்டுல சுத்தமான பனி இருக்கா?"

"இதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல."

"வெயில் இறங்குது. இருக்கா, இல்லையா?"

தெரு ஓரத்தில் மலைமலையாகப் பனி கிடந்தது. ஆனால் அது ஆகாது. அதில் சாலை உறையாமலிருக்கத் தூவிய உப்பு கலந்திருக்கும். சத்சுகிக்கு அது விஷம். வருஷக்கணக்காக அந்த உப்பைத் தூவியவரே அவர்தான், அவருக்குத் தெரியாதா? மரத்தை வீட்டுக்குள் கொண்டுபோகலாமே என்றேன். கதகதப்பில் விழித்துக்கொள்ளும், அப்புறம் எழுந்த பிள்ளையைத் திரும்பத் தூங்கவைக்க முடியாது, மிசாவோ சொல்லியிருக்கிறாள் என்றார்.

அவர் மூடிப்போன குழியை இரும்புக் கம்பியால் குத்தித் திறந்தார். அந்தப் பெரிய கைகளால் மரத்தின் கிளைகளை மெல்லக் கட்டினார். தொட்டியை இறக்கி, வைக்கோல் போட்டு, பெட்டியைக் கவிழ்த்தோம். பிறகு நான் என் பின்கட்டில் அள்ளி நிரப்ப, அவர் கைப்பிடி வைத்த பெரிய தகர முறத்தில் அதை இழுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினார். திரும்பி வந்தார், இழுத்தார், கொட்டினார். மூச்சு புகை புகையாக வந்தது. ஓர் இடைவெளியில் முறத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷம் இவங்க வாசல்ல நான் வரப்பு போட்டுட்டுப் போனேன். தினமும் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டுத்தான். இன்னைக்கு முதல் தடவையா என் வாசல் பனியை அவங்க அள்ளியிருக்காங்க. ஹொரிகாவா சான் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். அது தப்புன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

நான் அடுத்த முறத்தை நிரப்பினேன்.

"நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் எனக்கு ஒத்துவராது."

"நுமாதா சான்."

பண்ணித் தொலைத்தேன்.

தன் வாசலுக்குள் பனியை இழுத்துக் கொண்டுவருகிற ஒரு மனுஷனை எங்கள் தெரு பார்த்ததில்லை. அடுத்தவன் இடத்தில் ஒரு முறம் பனி தள்ளினால் இங்கே போலீஸ்வரை போகும். இது தலைகீழ். ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. ஹொரிகாவா வெளியே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அவர் போக்குக்கே விட்டுக்கிட்டு நீங்களும் கூட நிக்கறீங்களே. உங்களுக்குப் பெரிய மனசு."

என்னைப் பெரிய மனசு என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் இப்படியா வரணும்!

மறுநாள் காலையில் ஹொரிகாவாவின் மனைவி தன் தோட்டத்துப் பனியை ஒரு முறம் இழுத்து வந்தாள். "தாத்தா, எங்க பனியும் கொஞ்சம் போடட்டுமா? எங்க வைக்கட்டும்?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். பைத்தியத்துக்கு அனுசரித்துப் போகிற குரல். அவர் மூலையைக் காட்டி, "சுத்தமான பனிதானே? இங்க, மெதுவா" என்றார். அந்த வாரம் தெருவில் பாதிப்பேர் முறம் இழுத்து வந்தார்கள். குவியல் மறுபடி ஜன்னலைத் தொட்டது. தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தாங்கள் செய்ததற்குத் தாங்களே மருந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கு விலை அந்த மாதக் கடைசியில் வந்தது. ஹொரிகாவா மூன்று பேரோடு வந்தார், கையில் பழக்கூடை. நான் அப்போது அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றி வளைத்து, இந்த வருஷப் பனியைப் பற்றிப் பேசி, வயசைப் பற்றிப் பேசி, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மெஷின் கொஞ்சம் ஆபத்தானது. கத்தி சுத்தறது. நீங்க இவ்வளவு நாள் உழைச்சது போதும். இனிமே நாங்க முறை வச்சு ஓட்டிக்கறோம், தாத்தா."

நான் குவளையை நங்கென்று வைத்தேன். இகராஷி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி ஆணியிலேயே இருந்திருக்கும். அவர் எழுந்து போய், அதை எடுத்து, தன் மேலங்கியில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"செயினுக்கு எண்ணெய் போடணும். ஆரம்பத்துல கொஞ்சம் இருமும், பயப்படாதீங்க," என்றார்.

அதற்கப்புறம் காலையில் மெஷின் ஓடும்போதெல்லாம் அவர் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பார். தெருப் பையன்கள் கோணல்மாணலாக ஓட்டுவார்கள். ஒருநாளும் வெளியே வந்து குறை சொல்லவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தது. அந்த வாரம் ஹொரிகாவாவின் மனைவிக்குச் சுருள் வைத்தபோது கொஞ்சம் இறுக்கித்தான் சுற்றினேன்.

மார்ச் கடைசியில் மிசாவோ கைத்தடியோடு வந்து இறங்கினாள். நடைவாசலில் செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவள் தலையை நிமிர்த்தினாள். வெற்று ஆணியைப் பார்த்தாள்.

"சாவி எங்க?"

"வயசாச்சு. குடுத்துட்டேன்," என்றார் இகராஷி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையுறையைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே ஹொரிகாவாவின் மனைவி அவளைத் தனியாகப் பிடித்து, மூச்சு விட மாட்டோம் என்று சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். "மரத்தை வெளியில மறந்து போட்டுட்டார். நாங்க காப்பாத்தி எடுத்து வச்சா, திரும்பப் பனிக்குள்ள போட்டுப் புதைக்கிறார். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும் நீங்க." மிசாவோ குனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து, என் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் பெட்டி வெளியே தெரிந்தது. இகராஷிதான் திறந்தார். மரத்தின் உச்சிப்பகுதி துருப்பிடித்த மாதிரி பழுப்பேறி இருந்தது, தொட்டதும் இலை உதிர்ந்தது. கீழ்க்கிளைகள் பச்சை. அவர் மனைவியின் முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தார்.

"குடுத்ததைக் காப்பாத்தல நான்."

மிசாவோ கத்திரியை எடுத்து, நாற்பது வருஷமாகக் கம்பி கட்டி வளைத்த அந்த உச்சியை ஒரே வெட்டில் எடுத்தாள். "அடுத்த குளிருக்கும் நீங்கதான் பாத்துக்கணும். எனக்கு இனிமே குனிய முடியாது," என்றாள்.

ஜூனில் அது பூத்தது. பாதி உயரம்தான், ஆனால் கீழ்க்கிளை தாங்காத பூ. மிசாவோ எப்போதும் போல் தெருவைத் தேநீருக்கு அழைத்தாள். தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் காலிலேயே நின்று எல்லோருக்கும் ஊற்றினாள். யாரோ கேட்டார்கள், உச்சிக்கு என்ன ஆச்சு என்று. இகராஷி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"என் தப்புத்தான்," என்றாள் மிசாவோ. "இந்த மரம் நாப்பது குளிர்காலமும் இந்த வாசல் மூலையில, ஒரு பெட்டிக்குக் கீழ, பனிக்குள்ளதான் தூங்கியிருக்கு. பனிதான் அதுக்குப் போர்வை. ஆபரேஷன் அவசரத்துல உங்க யார்கிட்டயும் அதைச் சொல்லாமப் போயிட்டேன். இவர்கிட்ட மட்டும் பனியத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேன். எதோ ஒருநாள் போர்வை விலகியிருக்கும் போல, தலையில குளிர் பட்டிருச்சு." தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அப்புறம் நீங்க எல்லாரும் உங்க தோட்டத்துச் சுத்தப் பனியக் கொண்டு வந்து மூடினீங்களாமே. அதனாலதான் இந்தக் கீழ்க்கிளை பூத்திருக்கு. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல." எல்லோருக்கும் தலை தாழ்த்தினாள்.

ஹொரிகாவாவின் மனைவி கையிலிருந்த குவளையைத் தட்டில் வைத்தாள். ஹொரிகாவா மரத்தைப் பார்த்தார், வாசல் மூலையைப் பார்த்தார், அப்புறம் அடுப்படிப் பக்கம் பார்த்தார். நான் பிப்ரவரியிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

மறுநாள் காலை, நல்ல வெயில். ஹொரிகாவா அந்தச் சிவப்பு மெஷினைக் கொட்டகையிலிருந்து தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்து இகராஷி வீட்டு முன்னால் நிறுத்தினார். வேர்த்து வழிந்தது. கையில் சாவி.

"இகராஷி சான்," என்றார். "இதுல ஏதோ சத்தம் வருது. எங்க யாருக்கும் புரியல. நீங்க கொஞ்சம் பாக்கணும். பாத்துட்டு இங்கேயே வச்சுக்கங்க."

இகராஷி சாவியை வாங்கினார். முடுக்கினார். மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஜூன் மாத வெயிலில், பனி ஒரு பொட்டு இல்லாத தெருவில், அவர் அதைக் கடைசி வீடுவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. குனிந்து வணங்கினார்கள். அவர் தொப்பியை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

ஹொரிகாவாவின் முன்னால் வந்து அணைத்தார்.

"சத்தம் ஒண்ணும் இல்லையே. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்," என்றார் ஹொரிகாவா.